வாந்தி அரித்த பல்லும் ஒரு புதுச்சேரி கிளினிக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிளினிக்கின் பெயரை இதில் போடவில்லை. என் மகள் கடலூரில் பத்தாவது படிக்கிறாள். அந்தக் கிளினிக்குக்கு எங்கள் மஞ்சக்குப்பம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், பெயரைப் போட்டால் யார் வீட்டுப் பெண் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுச் சில வரிகளை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். பெயர் இல்லாமல் விமர்சனம் எதற்கு என்றால், சாப்பாட்டுக் கோளாறு உள்ள பிள்ளைக்குப் பல்வலி வந்தால் எங்கே கூட்டிப்போவது, போன இடம் சரியான இடம்தானா என்று எதை வைத்துப் பார்ப்பது என்பது யாருக்காவது பயன்படும். தேடினால் கிராம்பு வைத்தியம்தான் வந்து நிற்கிறது.

அவளுக்கு மேல் முன்பற்களில் கூச்சம். ஐஸ்கிரீம் சாப்பிட்டால் எல்லோருக்கும் வருகிற கூச்சம் இல்லை இது. சாதாரணக் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தாலே நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து பேச மாட்டாள், காற்று பட்டால் சுளீர் என்கிறது என்பாள். பற்களின் நுனி மெலிந்துபோய் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது, ஒன்றில் ஓரம் பிசிறாக உடைந்திருந்தது. போதாததற்குக் காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் கன்னம் உப்பியிருந்தது. என் அம்மா, அவளுடைய ஆயா, அதைப் பொன்னுக்கு வீங்கி என்று முடிவு கட்டித் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். காய்ச்சலும் வரவில்லை, வீக்கமும் வடியவில்லை, சங்கிலி மட்டும் கழுத்தில் கிடந்தது.

கடலூரிலேயே முதலில் ஓர் இடத்தில் காட்டினோம். நல்ல ஏசி, புது நாற்காலி, சுவர் முழுக்கச் சிரிக்கிற பற்கள். வாயைத் திறக்கச் சொன்னார், ஒரு நிமிடம் பார்த்தார், "அழுத்தித் தேய்க்கிறா, எனாமல் போயிடுச்சு" என்றார். ஆறு பல்லுக்கும் ரூட் கேனால் பண்ணி கேப் போட்டுவிடலாம் என்று எஸ்டிமேட் சீட்டை நீட்டினார். தொகையைப் பார்த்ததும் எனக்குப் பல் கூசியது. ஆனால் அழுத்தித் தேய்க்கிறவர்களுக்குப் பல்லின் வெளிப்பக்கம்தான், அதுவும் ஈறோரம்தான் பள்ளம் விழும். இவளுக்குத் தேய்ந்திருந்தது உள்பக்கம், நாக்கு தொடுகிற பக்கம். அந்த வித்தியாசம் ஒரு பல் டாக்டருக்குத் தெரியாமல் இருக்காது, கேட்கத்தான் அவருக்கு நேரமில்லை.

அப்புறம் ஆபீஸில் ஒருவர் சொல்லித்தான் புதுச்சேரியில் இந்த இடம். கடலூரிலிருந்து பஸ்ஸில் போனால் முள்ளோடை தாண்டி அரியாங்குப்பம் வரைக்கும் பிரச்சினை இல்லை, மரப்பாலம் சிக்னல்தான் உயிரை எடுக்கும். சனி ஞாயிறு என்றால் ஊர் சுற்ற வருகிற கார்கள் வேறு. கிளினிக் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். முன்னால் பைக் நிறுத்த இடம் இருக்கிறது, கார் என்றால் தெருவில் யாரோடாவது சண்டை போட்டுத்தான் ஆக வேண்டும்.

டாக்டர் ஒரு பெண்மணி, நாற்பதுக்குள் இருக்கும். வாயைப் பார்ப்பதற்கு முன்பே பேசினார், அதுவும் என்னிடம் இல்லை, அவளிடம். எது பட்டால் கூசுகிறது, எந்த நேரத்தில் அதிகம், ராத்திரி தூங்க முடிகிறதா, எந்தப் பக்கம் மெல்லுகிறாய் என்று. பிறகு கண்ணாடியை வைத்து உள்பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். கேமராவில் படம் எடுத்தார். அதைத் திரையில் போடுவதற்கு முன்னால் "பார்க்கிறியா, வேண்டாமா? உன் இஷ்டம்" என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். சரி என்று திரையை என் பக்கம் திருப்பாமலே அணைத்துவிட்டார். சின்ன விஷயம்தான், ஆனால் கண்ணாடி முன்னால் நிற்கவே மறுக்கிற பிள்ளையை வைத்திருக்கும் வீட்டுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

அடுத்து அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விமர்சனத்தின் பாதி மதிப்பெண் இதற்குத்தான். "புளி, எலுமிச்சை, மாங்காய் நிறைய சாப்பிடுவியா? கோலி சோடா, கூல்டிரிங்ஸ்? நெஞ்செரிச்சல் இருக்கா? வாந்தி வருமா? தானா வருதா, நீயா எடுக்கிறியா?" எல்லாம் ஒரே குரலில், சோடாவுக்கு ஒரு முகம், வாந்திக்கு ஒரு முகம் என்று மாற்றாமல். கடைசிக் கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "அப்பா கொஞ்சம் வெளியே இருங்க, சிஸ்டர் கூட இருப்பாங்க" என்றார். கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்த நேரம் நீளமாகத்தான் இருந்தது.

திரும்பக் கூப்பிட்டபோது அவள் அழுது முடித்திருந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று பிறகு அவளே சொன்னாள். டாக்டர் அவளிடம், "உடம்புக்கு ஆபத்துங்கிறதால இதை வீட்ல சொல்லாம விட முடியாதும்மா. ஆனா எப்படிச் சொல்லணும்னு நீ முடிவு பண்ணு. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா, சேர்ந்து சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறார். சேர்ந்து சொன்னார்கள். சாப்பிட்டுவிட்டுப் போய் வாந்தி எடுப்பது பல மாதமாக நடந்திருக்கிறது. அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு அதை வாந்தி எடுத்து வெளியேற்றுகிற நோய்க்குப் புலிமியா என்று பெயர், அந்தப் பெயரை டாக்டர் அன்றைக்குச் சொல்லவில்லை. அது மனநல டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது, பல்லை வைத்து நான் முத்திரை குத்த மாட்டேன் என்றார்.

பல் எப்படிக் கெட்டது என்பதை எங்கள் இரண்டு பேருக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். அமிலத்தை அளக்கிற பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கடுமை, வயிற்று அமிலத்தின் பிஎச் அளவு 2 பக்கத்தில் இருக்கும். பிஎச் 5.5 சுமாருக்குக் கீழே போனாலே எனாமல் கரைய ஆரம்பித்துவிடும். வாந்தி வரும்போது நாக்கு கீழ்ப்பற்களை ஓரளவு மூடிக்கொள்கிறது, மேல் முன்பற்களின் உள்பக்கம்தான் நேராக அடி வாங்குகிறது. கன்னம் உப்பியது உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியதால், அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு அப்படி ஆவது உண்டு. போன எனாமல் திரும்ப வளராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். இதைச் சொல்லும்போது குரலில் மிரட்டல் இல்லை. நான் ஏதோ அறிவுரை ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். அந்தக் கைக்கும் ஒரு மதிப்பெண்.

வைத்தியம் என்ன செய்தார் என்றால், முதல் நாள் ஊசியே போடவில்லை. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், அது குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், அதனால் ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் பொது மருத்துவரிடம் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்கு அப்புறம்தான் மரத்துப்போகும் ஊசி எல்லாம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். பல் டாக்டர் ஒருவர் இதயத்தைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அன்றைக்குச் செய்தது ஃப்ளோரைடு வார்னிஷ் மட்டும். மஞ்சளாகப் பிசின் போலச் சின்ன பிரஷ்ஷால் தடவுகிறார்கள், வலி கிடையாது. கூச்சம் உடனே மாயமாகாது, ஆனால் மட்டுப்பட்டது.

இங்கேதான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வார்னிஷ் தடவினால் சில மணி நேரம் சூடாகவோ கடினமாகவோ எதுவும் சாப்பிடக் கூடாது. மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. இவளுக்கு அது ஒரு சாக்கு: "டாக்டர் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க." பல்வலியும் இந்த நோயும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்பவை. வலிக்கிறது, அதனால் சாப்பிடவில்லை, சாப்பிடாமல் இருந்துவிட்டுப் பசி தாங்காமல் ஒரேயடியாகச் சாப்பிடுகிறாள், பிறகு வாந்தி, பிறகு வலி. டாக்டருக்கு இது தெரிந்திருந்தது. வீட்டில் எத்தனை மணிக்கு என்ன சாப்பாடு என்று கேட்டு எழுதிக்கொண்டு, சாயங்காலச் சிற்றுண்டி முடிந்த பிறகு வருகிற மாதிரி நேரம் கொடுத்தார். ராத்திரிக்கு ஆறிய, மெத்தென்ற சாப்பாடாக இருக்கட்டும், ஆனால் சாப்பாடு தவறக் கூடாது என்று அவளிடமே சொன்னார். "பல்லுக்காக நீ பட்டினி கிடக்கத் தேவையில்ல, சாப்பிடாதேன்னு நான் சொன்னேன்னு வீட்ல சொல்லக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஒரு வாக்கியம் வீட்டில் எத்தனையோ வாக்குவாதங்களை மிச்சப்படுத்தியது.

வலி அதிகமாக இருந்த நாட்களில் வீட்டில் ஓடியது குழைந்த பொங்கல், தேங்காய்ப்பால் விட்ட இடியாப்பம், வெதுவெதுப்பான கேழ்வரகுக் கூழ், வாழைப்பழம், முட்டைப் பொடிமாஸ், ஃப்ரிட்ஜில் வைக்காத தயிர்சாதம். எலுமிச்சைச் சாதம், புளியோதரை, ஊறுகாய், நெல்லிக்காய் எல்லாம் ஓரங்கட்டப்பட்டன. ரசத்துக்குத் தடை போட்டதில் ஆயாவுக்குத்தான் வருத்தம். எல்லாமே வெதுவெதுப்பாக, சூடும் இல்லாமல் சில்லென்றும் இல்லாமல். வலி மாத்திரைக்குப் பாராசிட்டமால்தான், அதுவும் எடைக்கு ஏற்ற அளவை டாக்டர் எழுதிக் கொடுத்தார். இபுப்ரோஃபென் வகையை வெறும் வயிற்றில், அதுவும் வாந்தியால் புண்பட்ட வயிற்றில் கொடுக்காதீர்கள் என்றார்.

வாந்தி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். உடனே பல் தேய்க்கக் கூடாது. அமிலத்தில் ஊறி மென்மையான எனாமலை பிரஷ் வழித்து எடுத்துவிடும். ஒரு தம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்ப வேண்டும், சோடா இல்லையென்றால் வெறும் தண்ணீராவது. ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். இப்படிச் சொல்லிக்கொடுத்தால் வாந்தி எடுப்பதற்கு அனுமதி கொடுத்த மாதிரி ஆகாதா என்று நான் கேட்டேன். நோய் குணமாக மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரைக்கும் பல் காத்திருக்காது சார் என்றார். இவள் அதுவரை ஒவ்வொரு தடவையும் நாற்றம் தெரியக் கூடாது என்று ஓடிப்போய் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள் என்பதைப் பார்த்தால், டாக்டர் சொன்னது சரிதான்.

ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்த பிறகு, நான்கு முன்பற்களின் உள்பக்கத்தில் காம்போசிட் வைத்தார். பல் நிறத்திலேயே இருக்கும் பசை, மெல்லிசாகப் பூசி நீல வெளிச்சம் காட்டி இறுக்குவார்கள். துளை போடவில்லை, ஊசி தேவைப்படவில்லை. கூச்சத்தில் பெரும்பகுதி இதில் போனது. உடைந்த ஓரத்தையும் அதிலேயே சரி செய்துவிட்டார். கேப் போடலாமா என்று நானே கேட்டபோது மறுத்துவிட்டார். வாந்தி நிற்கும்வரை கேப் போட்டால் அதன் ஓரத்தில் அமிலம் இறங்கி அடியில் இருக்கும் பல் கெடும், உங்கள் காசும் போகும், அதோடு பதினைந்து வயதில் இருக்கிற பல்லைச் செதுக்க வேண்டாம் என்றார். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்கிற கிளினிக்கை நான் முழுசாக நம்புகிறேன்.

சரி, குறைகளுக்கு வருவோம். முதல் குறை, வரவேற்பறை. டிவியில் சமையல் நிகழ்ச்சி, இடைவேளையில் இடுப்பைக் குறைக்கும் பவுடர் விளம்பரம். இந்தப் பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்ட இதைவிட மோசமான கலவை கிடையாது. அதற்கு நேர் எதிரில், ரிசப்ஷன் மேஜைக்குப் பக்கத்தில் எடை பார்க்கும் மிஷின். பல் கிளினிக்கில் அது எதற்கு என்று கேட்டால், மருந்தின் அளவுக்கு என்றார்கள். நியாயம்தான், ஆனால் உள்ளே வைக்கலாமே, முதுகு திருப்பி நிற்க வைத்து எண்ணைச் சொல்லாமல் எழுதிக்கொள்ளலாமே. மனநலப் பிரிவில் அப்படித்தான் செய்கிறார்கள். சொன்ன பிறகு சேனலை மாற்றினார்கள், இப்போது பெரும்பாலும் கிரிக்கெட். மிஷின் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது குறை பெரியது. ரிசப்ஷனில் இருக்கும் பெண் நல்ல மாதிரி, வாய் மட்டும் சும்மா இருக்காது. கொஞ்ச நாள் கழித்துப் போனபோது மகளைப் பார்த்து, "பரவாயில்லையே பாப்பா, உடம்பு நல்லா தேறிடுச்சே!" என்றது. நம் ஊரில் இதைவிட அன்பான வார்த்தை கிடையாது, கல்யாண வீட்டில் எத்தனை அத்தைகள் கன்னத்தைக் கிள்ளிச் சொல்கிறார்கள். என் மகளுக்கு அது குண்டாகிவிட்டாய் என்றுதான் காதில் விழும். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காரவே மறுத்துவிட்டாள். டாக்டரிடம் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், அந்தப் பெண்ணிடமும் பேசியிருப்பார் போலிருக்கிறது, இப்போது "வாம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. உள்ளே எவ்வளவு நல்ல டாக்டர் இருந்தாலும், வாசலில் இருக்கிறவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இது.

மற்றபடி, கொடுத்த நேரத்துக்கு உள்ளே கூப்பிடுவதில்லை, முக்கால் மணி நேரம் எப்படியும் ஆகும். பில் கேட்டால்தான் தருவார்கள்.

வாங்கிய சாமான்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும் கூச்சப் பேஸ்ட் வேலை செய்கிறது, ஆனால் இரண்டு வாரமாவது தொடர்ந்து போட்டால்தான், இரண்டு நாளில் பலன் இல்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று பின்னால் பார்த்து வாங்குங்கள். மூலிகை என்று விற்கிற பலவற்றில் இருப்பதில்லை. தேய்த்த பிறகு நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம் என்றார் டாக்டர், பழக்கம் மாற நாளாகிறது. டூத் மூஸ் என்று ஒன்று எழுதிக் கொடுத்தார், பாலில் இருக்கும் கேசின் புரதத்திலிருந்து எடுத்தது, விரலால் பல்லில் தடவிவிட வேண்டும். விலை கொஞ்சம் கையைக் கடிக்கும், பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, இவளுக்கு அதன் வாசனை பிடித்துப்போனதால் சண்டை இல்லாமல் போட்டுக்கொள்கிறாள். பிரஷ் மெத்தென்றது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், வாய் இன்னும் வறண்டு எரியும். கரி கலந்த பேஸ்ட், பல்லை வெள்ளையாக்கும் பவுடர், பழைய பல்பொடி எல்லாம் சொரசொரப்பு, மிச்சம் இருக்கிற எனாமலையும் எடுத்துவிடும். ஆயாவின் கிராம்பு எண்ணெய் சொத்தைப் பல்லின் குழியில் வைத்தால் கொஞ்ச நேரத்துக்குக் கேட்கும். இங்கே குழியே இல்லை, ஈறுதான் வெந்துபோகும்.

பல் டாக்டர் பல்லைத்தான் பார்ப்பார் என்பதை மறந்துவிட வேண்டாம். எங்களுக்கு அடுத்த படி ஜிப்மர் மனநலப் பிரிவு. அங்கே நடப்பது தனிக் கதை, இங்கே ஒன்று மட்டும்: வேளாவேளைக்குச் சாப்பாடு, சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் வீட்டில் யாராவது கூடவே இருப்பது என்று சொல்லியிருக்கிறார்கள், அந்த ஒரு மணி நேரம் இப்போது கேரம் போர்டில் போகிறது. உடனே எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், அரசு சேவை, இலவசம், 24 மணி நேரமும் தமிழிலும் பேசுவார்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கை கால் தளர்ச்சி, வாந்தியில் ரத்தம் இதில் எது வந்தாலும் போன், அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, பார்க்க 300 ரூபாய், காம்போசிட் ஒரு பல்லுக்கு 1,500. முதல் இடத்து எஸ்டிமேட்டோடு ஒப்பிட்டால் கொசுறு. அதுவும் முடியாதவர்களுக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி அரசுடையது, சிதம்பரத்தில் பழைய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியும் இப்போது அரசுக் கல்லூரிதான். அங்கே கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும். எங்கே போனாலும், பிள்ளையிடம் பேசுகிறாரா, தனியாக ஐந்து நிமிடம் கொடுக்கிறாரா, வாந்தியைப் பற்றி முகம் சுளிக்காமல் கேட்கிறாரா என்று பாருங்கள். முதல் நாளே கேப் கணக்குப் போட்டால் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. குறைந்த ஒன்று அந்த மிஷினுக்கு. அடுத்த மாதம் காம்போசிட் எப்படி இருக்கிறது என்று பார்க்க வரச் சொல்லியிருக்கிறார், கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றிலும் கூச்சம் என்கிறாள், அதையும் காட்ட வேண்டும்.